கரை இறங்காதவன் பாட்டு

1

சித்திரை பிறந்து நாலு நாள் ஆகிறது. கடைக்குள் கட்டிய கயிற்றில் நனைந்த சட்டைகள் இன்னும் காயவில்லை. ரங்கூனில் வருஷப் பிறப்பு உண்டா, வேப்பம்பூ கிடைக்குமா என்று ஊரில் இருப்பவர்கள் கேட்பதுண்டு. உண்டு, கிடைக்கும். ஆனால் இங்கே நம் வருஷப் பிறப்பு பர்மாக்காரர்களின் தண்ணீர்த் திருநாளுக்கு நடுவில் வந்து விழுகிறது. திஞ்ஜான் என்று அதற்குப் பெயர். கோயிலுக்கென்று வெளுத்த வேட்டி கட்டி வாசலில் கால் வைத்தால், எதிர்வீட்டுப் பெண் ஒரு செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டுச் சிரிப்பாள். கோபப்படக் கூடாது. அந்த நாட்களில் தண்ணீருக்கும் கேலிக்கும் கோபப்படக் கூடாது என்பது இந்த ஊர் வழக்கம்.

இந்த வருஷம் தண்ணீர் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஒரு மனிதனின் பாட்டு என்னைச் சுட்டது. பொறாமை என்ற சொல்லை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

நான் தையற்காரன். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதைக்கு அடுத்த தெருவில் கடை. மானாமதுரைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. படிப்பு நான்காம் வகுப்போடு சரி. கூச்ச சுபாவம். ஆண் பிள்ளைகளோடு பேசுவதே கஷ்டம் என்றால், பெண்களுக்கு அளவெடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பர்மாப் பெண்கள் போடும் எஞ்ஜி என்ற மேற்சட்டை உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும். அளவு கால் அங்குலம் பிசகினாலும் துணி வீண். வந்த புதிதில் நான் கண்ணை மூடிக்கொண்டு அளவெடுத்து, தைத்த சட்டைகள் எல்லாம் திரும்பி வந்தன.

அப்போது பக்கத்து நடையில் பூ விற்றுக்கொண்டிருந்தவள் மா ஹ்லா. ஒருநாள் என் திண்டாட்டத்தைப் பார்க்கச் சகிக்காமல் எழுந்து வந்து, நாடாவை என் தோளிலிருந்து உருவிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். உள்ளேயிருந்து ஒவ்வோர் அளவாக அவள் பர்மிய மொழியில் கூவினாள். காதில் விழுந்தது சரிதானா என்று நான் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு எழுதினேன். அன்றிலிருந்து எங்கள் வேலை இப்படித்தான் நடக்கிறது. அவள் கூவுவாள், நான் திருப்பிச் சொல்வேன். கல்யாணம் ஆனபிறகும் அது மாறவில்லை. பகலில் எங்களுக்குள் வேறு பேச்சே இல்லாத நாட்களும் உண்டு. அவள் "கழுத்து, பதிமூன்று" என்பாள். நான் "பதிமூன்று" என்பேன்.

2

இயந்திரத்தை மிதிக்கும்போது எனக்குப் பாட்டு வரும். நல்ல சத்தத்தில் ஓடும் இயந்திரத்துக்குக் கும்மியின் நடை இருக்கிறது. ஒரு நீளத் தையலுக்கு ஓர் அடி. துணி திருப்பும்போது அடுத்த அடி. ஒன்பது வருஷத்துக்கு முன் இப்படி வந்த ஒரு பாட்டை எங்கள் கோயில் கமிட்டி நாகலிங்கம் அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் திருநெல்வேலிக்காரர், துறைமுகத்தில் மேஸ்திரி. என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "சரிடே, யாருக்கும் மூச்சு விடல" என்றார். சொன்னபடியே விடவும் இல்லை. அன்று முதல் ஒவ்வொரு வருஷப் பிறப்புக்கும் கோயில் பந்தலில் தெருப் பெண்பிள்ளைகள் அந்தப் பாட்டுக்குத்தான் கும்மி அடித்து வந்தார்கள். எங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றிய பாட்டு அது. கண்மாயே, நிறைந்தாயா, கலுங்கில் தண்ணீர் வழிந்து போகிறதா, உன் மகன் கடலுக்கு அப்பால் இருக்கிறான் என்று போகும். நான் கூட்டத்தின் கடைசியில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று கேட்பேன். வருஷத்தில் அந்தக் கால் மணி நேரம் எனக்குப் போதும்.

மூன்று வருஷமாக என் மகள் மீனாவும் அந்தக் கும்மியில் சேர்ந்திருந்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் அம்மா அவளை மா மியா என்று கூப்பிடுவாள். எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் பர்மிய மொழியில்தான் பதில் வரும். போன வருஷம் ஒத்திகை முடிந்து வந்து, பர்மிய மொழியில்தான் என்னிடம் கேட்டாள்.

"கண்மாய்ன்னா யாருப்பா? உங்க அத்தையா?"

அத்தை இல்லை, தண்ணீர் நிற்கிற இடம் என்று சொன்னேன். "ஓ, நம்ம பெரிய ஏரி மாதிரி" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். வராத ஓர் அத்தையைத்தான் அவள் இரண்டு வருஷமாகக் கைதட்டி அழைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

3

வழக்கமாக எங்கள் தெரு முனையில் இரண்டு பந்தல் போடுவார்கள். ஒன்று பர்மாக்காரர்கள் தண்ணீர் ஊற்றவும் ஆடவும், மற்றொன்று நம் கோயில் பந்தல், கும்மிக்கும் பானகத்துக்கும் நீர்மோருக்கும். இந்த வருஷம் பந்தல் அனுமதிக்கு அண்ணாச்சி நகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். முதல் நாள் குமாஸ்தா இல்லை. இரண்டாம் நாள் குமாஸ்தா இருந்தார், துரை இல்லை. மூன்றாம் நாள் இருவரும் இருந்தார்கள், முத்திரை பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. கடைசியில், டிராம் வண்டிக்கு இடைஞ்சல், ஒரு முனைக்கு ஒரு பந்தல்தான் என்று உத்தரவு வந்தது. எங்களுக்கும் பர்மாக்காரர்களுக்கும் சேர்த்து ஒரே அனுமதி.

பர்மாக்காரர்களின் பெரியவர் ஊ பா சட்டென்று ஒத்துக்கொண்டார். காலையில் உங்கள் பாட்டு, சாயங்காலம் எங்கள் பாட்டு என்றார். ஆனால் எல்லோரும் ஒரே பந்தலில் உட்காரும்போது பாதிப் பேருக்குப் புரியாத பாட்டை எப்படிப் பாடுவது என்று நம் கமிட்டியில் ஒரு பேச்சுக் கிளம்பியது. "கோ ராமு கிட்டக் கேட்டா என்னவே" என்றார் ஒருவர். அத்தோடு ஒன்பது வருஷத்துப் பாட்டு முடிந்தது.

கோ என்பது இங்கே ஆண்பிள்ளை பெயருக்கு முன்னால் போடும் மரியாதைச் சொல். ராமு இங்கேயே பிறந்தவன். அப்பா தஞ்சாவூர்க்காரர், அம்மா பர்மாக்காரி. இரண்டு பேரும் இப்போது இல்லை. கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. முப்பது வயது இருக்கும். தமிழை நம்மைப் போலவும் பர்மிய மொழியை அவர்களைப் போலவும் பேசுவான். வேட்டிக்கு மேல் பர்மாக் கோட்டைப் போட்டுக்கொண்டு நடப்பான். அது அவனுக்குப் பொருத்தமாக வேறு இருக்கும். அவன் கட்டிக் கொடுத்த பாட்டு இரண்டே நாளில் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

அப்பன் ஊரு காவிரிக்கரை
அம்மா ஊரு ஐராவதி
ரெண்டு தண்ணியும் குடிச்ச பிள்ளைக்கு
தாகம் எங்கே சொல்லு நீ

ஒவ்வோர் அடிக்கும் பிறகு கூட்டம் "ஷி பா தே" என்று பதில் கூவ வேண்டும். இருக்கிறேன் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் பர்மாப் பிள்ளைகள் சொல்லும் பதில் அது. தமிழில் ஓர் அடி, பர்மிய மொழியில் ஒரு கூவல். இரண்டுக்கும் நடுவில் ஒட்டுப் போட்ட தையலே தெரியவில்லை. தையற்காரன் சொல்கிறேன், நம்புங்கள்.

நான் முதன்முதலில் அதை என் வீட்டுக்குள்தான் கேட்டேன். மீனா பாட, உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்த மா ஹ்லா "ஷி பா தே" என்று பதில் சொன்னாள். சொல்லிவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். என் பாட்டை அவள் ஒன்பது வருஷத்தில் ஒரு தடவையும் கேட்க வந்ததில்லை. கோயில் பந்தல் உங்கள் ஆட்களுடையது என்று சொல்லிவிடுவாள்.

4

அந்த வாரமே கோ ராமு கடைக்கு வந்தான். பந்தலில் பாட ஒரு புதுக் கோட்டு வேண்டுமாம். ஆண்பிள்ளை என்பதால் நானேதான் அளவெடுத்தேன். கையைத் தூக்கிப் பாடுவேன், கக்கம் பிடிக்கக் கூடாது என்றான். நல்ல பையன். அதுதான் சங்கடம். கெட்டவனாக இருந்தால் பொறாமைக்கு ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும்.

தோளை அளக்கும்போது அவன் பழைய கும்மிப் பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தான். எழுதினது யார் என்று அவனுக்குத் தெரியாது.

"அண்ணே, அந்தக் கண்மாய்ப் பாட்டு கேட்டிருக்கீங்களா? நல்ல மெட்டுதான். ஆனா எழுதின ஆளு ரங்கூனுக்கு வந்தானே தவிர கரை இறங்கல. இன்னும் கப்பல்லயே நின்னு திரும்பிப் பாத்துக்கிட்டு இருக்கான்."

என் வாயில் குண்டூசிகள் இருந்தன. அதனால் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தோள் பதினெட்டு என்று எழுதிக்கொண்டேன்.

அவன் போனபின் துணியை விரித்துக் கத்தரிக்கோலை எடுத்தேன். கக்கத்தில் அரை அங்குலம் குறைத்தால் போதும், பாட்டின் நடுவில் கை பாதியிலேயே நிற்கும். நினைத்தேன். ஆனால் துணி என்ன பாவம் செய்தது? நல்ல மணிப்புரிப் பட்டு. சரியாகத்தான் வெட்டினேன். சொல்லப்போனால், இந்த வருஷம் நான் தைத்தவற்றில் அதுதான் முதல்தரம். அவன் கை வானம் வரை போகட்டும், அந்தக் கையை மூடியிருப்பது என் தையல் என்று ஒரு வீம்பு.

5

இயந்திரத்தில் உட்கார்ந்தால் அவன் பாட்டே வந்தது. இரண்டு நாள் பொறுத்தேன். பிறகு நானும் பர்மியக் கூவல் வைத்து ஒரு பாட்டுக் கட்டி அண்ணாச்சியிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் காதில் விழுந்தால் புரியுமே தவிர, என் வாயில் வரும் பர்மிய மொழி கழுத்து, மார்பு, இடுப்பு, கைநீளம், எண்கள், கொஞ்சம் பேரம். அதை வைத்துக்கொண்டு எந்தக் கூட்டத்தை ஆட வைப்பது? ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், மா ஹ்லாவிடம் கேட்டேன். என் பாட்டின் முடிவில் சேர்க்க அவள் மொழியில் ஒரு நல்ல வார்த்தை வேண்டும் என்று.

அவள் நாடாவைச் சுற்றி வைத்துவிட்டு, முதலில் பாட்டைச் சொல்லுங்கள் என்றாள். தமிழில் சொன்னேன். அர்த்தம் சொல்லுங்கள் என்றாள். தட்டுத் தடுமாறிச் சொன்னேன். இன்னொரு பாட்டு இருக்கிறதா என்றாள். அதையும் சொன்னேன். அப்புறம் இன்னொன்று. கண்மாய், களத்துமேடு, கருவேலம்பூ, ஆடிக்காற்று. பதினைந்து வருஷம் ஒரே பாயில் படுத்தவளுக்கு என் பாட்டுகள் அன்றைக்குத்தான் எட்டின. பாராட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். என் வாழ்நாளில் யாரும் என்னைப் பாட்டுக்காக முகத்துக்கு நேரே பாராட்டியதில்லை.

"இத்தனை பாட்டுல நான் எங்க இருக்கேன், கோ சுப்பையா?" என்றாள்.

நான் மேசைமேல் கிடந்த துணியை மடித்தேன். அவள் விடவில்லை.

"பதினஞ்சு வருஷமா அந்த ஊரோட சண்டை போடுறேன். நீங்க மிஷின்ல உட்காந்தா அங்க போயிருவீங்க. எனக்குத் தெரியாதா? பொம்பளையா இருந்தா முடியைப் புடிச்சு இழுத்திருப்பேன். ஊரை என்ன செய்ய?"

அவள் குரலில் சத்தம் இல்லை. சிறு தட்டில் மீதமிருந்த ஊசிகளைப் பொறுக்கி டப்பியில் போட்டுக்கொண்டே பேசினாள். எனக்கு அவள் முகத்தைப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. ஒரு வாரமாக என் நெஞ்சில் எரிகிற இதே நெருப்பு அவளுக்குள் எத்தனையோ வருஷமாக எரிந்திருக்கிறது. நான் ஒரு மனிதனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவள் ஒரு கண்மாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் வார்த்தை தரவில்லை. நான் பாட்டுக் கட்டவில்லை. அண்ணாச்சியிடம் போகவும் இல்லை. அவளுக்காக ஓர் அடியாவது எழுதலாம் என்று உட்கார்ந்தால் இயந்திரம் வெறும் இயந்திரமாக ஓடியது.

6

வருஷப் பிறப்பன்று காலை பந்தலில் கோ ராமு பாடினான். கை தாராளமாக மேலே போயிற்று. என் மகள் முன்வரிசையில் நின்று "ஷி பா தே" என்று கூவினாள். தலையில், நம் ஊர் வேங்கைப் பூவைப் போல இங்கே திஞ்ஜானில் பூக்கும் மஞ்சள் பூ. ஊ பாவும் அண்ணாச்சியும் அருகருகே உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டார்கள். நம் கோயில் பாட்டுக்கு முதன்முதலாக வந்திருந்த மா ஹ்லா எல்லோருக்கும் மேலே குரல் கொடுத்தாள். நான் என் வழக்கப்படி கடைசியில் ஒரு மூங்கில் காலுக்குப் பின்னால் நின்றேன். கண்மாய்ப் பாட்டு ஏன் இல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருவர்கூட.

சாயங்காலம் அவர்கள் முறை. திஞ்ஜானில் தன்ஜாட் என்று ஒன்று பாடுவார்கள். மேளத்தைத் தட்டிக்கொண்டு ஒருவர் கேலியாக ஓர் அடி கூவ, கூட்டம் பதில் கூவும். அந்த வருஷம் தெருவில் யார் யார் என்னென்ன கோமாளித்தனம் செய்தார்கள் என்பதெல்லாம் வந்துவிடும். பெயர் வந்தவன் கோபப்படக் கூடாது, முடிந்தால் பதிலடி கொடுக்கலாம். வீட்டு வாடகையை ஏற்றிவிட்டுப் புத்தர் கோயிலுக்குத் தங்க ரேக்கு வாங்கிய கிழவருக்கு ஒன்று. கமிட்டிக் கூட்டத்தில் குறட்டை விடுகிற அண்ணாச்சிக்கு ஒன்று. அவர் எழுந்து நின்று கும்பிட்டார். அடுத்தது யார் என்று மேளக்காரன் கேட்டபோது மா ஹ்லா எழுந்தாள்.

கழுத்தில் அளவு நாடா கிடந்தது. திருநாளிலும் அதைக் கழற்ற மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, கடையில் திரைக்குப் பின்னாலிருந்து கூவுகிற அதே குரலில், அதே ராகத்தில், பர்மிய மொழியில் ஆரம்பித்தாள்.

"தலை, இருபத்திரண்டு. உள்ளே ஒரு கண்மாய்."

"இருபத்திரண்டு" என்றேன் நான்.

ஏன் சொன்னேன்? பதினைந்து வருஷத்துக்கும் மேலான பழக்கம். அவள் அளவு கூவினால் என் வாய் தானாகத் திருப்பிச் சொல்லிவிடும். எல்லாத் தலைகளும் மூங்கில் காலைப் பார்த்துத் திரும்பின. முன்னே இருந்த கோ ராமுவும் திரும்பினான். கண்மாய் என்ற சொல்லை மட்டும் அவள் தமிழில் சொல்லியிருந்தாள். அவன் முகம் மாறியதை அங்கிருந்தே பார்த்தேன்.

"கழுத்து, பதினாலு. எப்போதும் மேற்கே திரும்பியிருக்கும்."

"பதினாலு." கூட்டம் சிரித்தது. யாரோ என்னைப் பிடித்து முன்னே தள்ளினார்கள். காதெல்லாம் சுட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மார்பு, முப்பத்திரண்டு. திறந்து பார்த்தவர் யாரும் இல்லை."

நான் வாய் திறந்தேன், நிறுத்தினேன். தப்பான அளவைத் திருப்பிச் சொல்ல என்னால் முடியாது. துணி வீணாகிவிடும்.

"முப்பத்தாறு" என்றேன்.

மேளம் நின்றது. மா ஹ்லா நாடாவைத் தாழ்த்தி, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள். முப்பத்திரண்டுதானே, கல்யாணச் சட்டைக்கு நானே எடுத்த அளவாயிற்றே, கப்பலிலிருந்து கொண்டுவந்த மார்பு அவ்வளவுதானே என்றாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டாள்.

"அப்படியானால் இந்த நாலு அங்குலம், கோ சுப்பையா, எங்கே விளைந்தது?"

மொத்தத் தெருவும் என் வாயைப் பார்த்தது. அவள் கண்ணில் சிரிப்பு இருந்தது. ஆனால் கேள்வி விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். இதற்குப் பதில் சொல்லாவிட்டால் இனி அவள் என்னை எதுவும் கேட்க மாட்டாள்.

விடியற்காலையில் அவள் செய்கிற மொஹிங்காவின் மணம், அந்த மீன் குழம்பும் சேமியாவும், நினைவுக்கு வந்தது. எனக்குத் தெரிந்த கொஞ்சம் பர்மிய மொழியைச் சேர்த்துக் கட்டினேன்.

"இங்கே. உன் சட்டியில்."

ஊ பா தொடையில் அறைந்து "ஷி பா தே" என்றார். கூட்டம் முழுவதும் அதையே கூவியது. யார் ஊற்றினார்கள் என்று தெரியவில்லை, ஒரு குடம் தண்ணீர் என் தலையில் விழுந்தது. மீனா என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். மா ஹ்லா நாடாவை என் கழுத்தில் மாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் கலைந்தபோது கோ ராமு வந்து, "அண்ணே, அந்தப் பாட்டு உங்களதுன்னு சொல்லியிருக்கலாமே" என்றான். கக்கம் பிடிக்கவில்லையே என்று கேட்டேன். இல்லை என்றான்.

மறுநாளே அவன் என் நாலு அங்குலத்தை ஒரு பாட்டாகக் கட்டிவிட்டான். முதல் அடி தமிழ், பதில் பர்மியம், நடுவில் ஒட்டுத் தெரியாத அதே கைவேலை. ரயிலடிப் பிள்ளைகள் அதைப் பாடிக்கொண்டு போகிறார்கள். இன்று காலை ஒரு வாடிக்கைக்காரர், கோ ராமு புதுசாக ஒன்று எழுதியிருக்கிறானே, கேட்டீர்களா, என்ன மூளை அவனுக்கு என்று என்னிடமே சொன்னார். எனக்கு மறுபடியும் நெஞ்சு எரிந்தது. அது என் அடி ஐயா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. கூச்சம் விடவில்லை.

உள்ளே திரைக்குப் பின்னால் மா ஹ்லா ஒரு பெண்ணுக்கு அளவெடுத்துக்கொண்டே அந்தப் பாட்டைத்தான் முணுமுணுத்தாள். அவள் மட்டும் நாலு அங்குலம் என்று பாடவில்லை, ஐந்து என்று பாடினாள். எழுந்து போய்த் திரைக்கு வெளியே நின்று, நாலுதானே என்றேன்.

"அளவெடுத்தது நான்" என்றாள் உள்ளேயிருந்து.

"ஐந்து" என்றேன் நான்.